"வயசாயிடுச்சு" என்று சொல்வதற்கு முன்னால் மாத்திரை டப்பாவைத் திற

தங்கச்சி, நேற்று வரை மளிகைக் கணக்கைத் தப்பில்லாமல் சொன்ன அம்மா இன்றைக்கு உன்னைச் சித்தி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அப்பா ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் தலைசுற்றி விழுகிறார். மாமியார் இரண்டு நாளாகச் சுருண்டு படுத்தே கிடக்கிறார். வீட்டில் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." இப்படிச் சொல்லிவிட்டு இரண்டு நாள் பார்க்கிறோம். மூன்றாம் நாள் 108-ஐக் கூப்பிடுகிறோம்.

மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேள். வயசு ஒரே ராத்திரியில் வருவதில்லை. ஓரிரு நாளில் ஒருவர் மாறிவிட்டார் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. கிருமித் தொற்றாக இருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம். ஆனால் பல நேரம் காரணம் அவர் தினமும் விழுங்கும் மாத்திரைதான். அதனால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போ. போகும்போது மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துப் போ.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களில், மருந்தின் பாதிப்பால் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் என்று 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் நான்கே வகை மருந்துகள்: வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, இன்சுலின், ஆஸ்பிரின் மாதிரியான மாத்திரைகள், சர்க்கரை மாத்திரைகள். நான்குமே நல்ல மருந்துகள், உயிர் காப்பவை. நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் ஷோகேஸ் மேலும் இருப்பவையும் இவையேதான். தெரியாமல் அளவு கூடிப்போனதால்தான் அந்த ஒரு லட்சம் பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் படுக்கைக்கு வந்தார்கள். அளவு கூடுவதைத் தடுக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அளவு கூடுவது என்றால் ஒன்றுக்கு இரண்டாக விழுங்குவது மட்டும் இல்லை. 50 வயதில் ஒத்துக்கொண்ட அதே மாத்திரை 75 வயதில் கூடுதலாகிவிடும். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும், அதனால் மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். சாப்பாடும் குறைந்திருக்கும், எடையும் குறைந்திருக்கும். மாத்திரை மட்டும் பழைய சீட்டில் எழுதிய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும்.

முதல் வேலை: எல்லாவற்றையும் ஒரே பையில் போடு

ஒரு துணிப்பையை எடு. அம்மா அப்பா சாப்பிடும் எல்லாவற்றையும் அதில் போடு. தலையணைக்கு அடியில் இருக்கும் தூக்க மாத்திரை, சாமி ரூமில் இருக்கும் வலித்தைலம், சமையலறை அலமாரியில் இருக்கும் லேகியம், கண் சொட்டு, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கால்சியம் என எதையும் விடாதே. இது சின்ன விஷயம் என்று அவர்கள் ஒதுக்குவதையும் சேர்த்துப் போடு. பையை அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய் மேஜையில் வை. நாட்டு மருந்து, சித்த மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லச் சொல். டாக்டர் கோபப்படுவார் என்று மறைப்பதுதான் ஆபத்து.

பையைக் கொட்டினால் முதலில் கண்ணில் படுவது இரட்டிப்பு. இருதய டாக்டர் ஒரு கம்பெனி மாத்திரை எழுதியிருப்பார், சர்க்கரை டாக்டர் இன்னொரு கம்பெனி எழுதியிருப்பார். உள்ளே இருப்பது ஒரே மருந்து. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அருமையான திட்டம். ஆனால் அதில் வரும் அம்லோடிபினையும் தனியார் கிளினிக்கில் வேறு பெயரில் எழுதிய அம்லோடிபினையும் சேர்த்துச் சாப்பிட்டால் பிரஷர் தாறுமாறாக இறங்கிவிடும். ஜன் ஔஷதி, முதல்வர் மருந்தகம் போன்ற கடைகளில் வாங்கினாலும் அட்டையின் தோற்றம் மாறும். பழைய அட்டையில் மிச்சம் இருப்பதும் புதிதாக வாங்கியதும் வேறு வேறு என்று நினைத்துப் பெரியவர்கள் இரண்டையும் போடுவார்கள். அதனால் அட்டையின் பின்னால் அச்சடித்திருக்கும் மருந்தின் பெயரைப் படி. கம்பெனி வைத்த பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. ஒரே மருந்துப் பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கேள்.

இன்னொன்று, மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது பெயரும் காலாவதி தேதியும் இருக்கும் பக்கத்தைக் கடைசி வரை விட்டுவை. பெயர் போன அட்டையைப் பார்த்து அவசரப் பிரிவில் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

சர்க்கரை ஏறுவதற்கு மட்டும் பயந்தால் போதாது

சர்க்கரை 300 என்றால் குடும்பமே பதறுகிறது. 60 என்றால் "குறைஞ்சிருக்கு, நல்லதுதானே" என்கிறது. நல்லது இல்லை. 70-க்குக் கீழே போவது ஆபத்து. அதுவும் வயதானவர்களுக்கு வியர்வை, படபடப்பு என்ற எச்சரிக்கை எதுவும் வராமலே நேராகக் குழப்பம், உளறல், மயக்கம் வந்துவிடக்கூடும். சிலருக்கு ஒரு பக்கக் கை கால் விழுந்ததுபோலவே இருக்கும். பக்கவாதம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அதனால் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் பெரியவர் உள்ள வீட்டில் குளுக்கோமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். உளறினால் முதலில் விரலில் குத்திப் பார்.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய மாத்திரைகள் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். இவற்றில் கிளிபென்கிளமைடு முதியவர்களுக்கு வேண்டாம் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியலே சொல்கிறது. அம்மாவின் சீட்டில் அது இருந்தால் மாற்றித் தரக் கேள். சாப்பாட்டுக்கு முன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குக் கிளம்புவார்கள், அங்கே பந்தி ஒன்றரை மணி நேரம் தாமதமாகும். கோயில் வரிசையில் நிற்கும்போதும் இப்படித்தான் ஆகிறது. இலையில் சாதம் விழுந்த பிறகு மாத்திரையைப் போடச் சொல்.

விரதம் பற்றிக் கண்டிப்பாகப் பேசு. ஏகாதசி, சஷ்டி, புரட்டாசி சனி, ரம்ஜான் நோன்பு என எதுவானாலும் முதல் நாளே டாக்டரைக் கேட்டு மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளச் சொல். "எத்தனை வருஷமா இருக்கேன்" என்பார் அம்மா. அத்தனை வருஷமும் இந்த மாத்திரை இல்லை, இந்தச் சிறுநீரகமும் இல்லை என்று அன்பாகச் சொல்.

சர்க்கரை இறங்கிவிட்டால், நினைவு இருக்கும்போது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடு. 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடு. ஏறியதும் இட்லியோ சாதமோ கொடு. வோக்லிபோஸ், அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, ஏனென்றால் அதை உடைக்கும் வேலையைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும், ஒரு பாக்கெட் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதே, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடு. கொடுத்ததும் எழுந்து உட்கார்ந்து பேசினாலும், கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவரை ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்துச் சர்க்கரை மறுபடி இறங்கும்.

இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் ஊசியைப் பார்த்திருக்கிறாயா? சிவப்பு மூடி ஊசி 40 யூனிட் புட்டிக்கு, ஆரஞ்சு மூடி ஊசி 100 யூனிட் புட்டிக்கு. அரசு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் 40 புட்டி. பேனாவுக்குள் இருப்பது 100. பேனா கெட்டுப்போனது என்று அதன் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் உறிஞ்சிப் போட்டால் 20 யூனிட் என்று நினைத்தது 50 யூனிட்டாக உள்ளே போகும். இதனால் உயிரே போகலாம். புட்டியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வாங்கும்போதே பார்.

80 வயதில், பல நோய்கள் உள்ளவருக்குச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 7 சதவீதத்துக்குக் கீழ் வந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதே. அப்படிப்பட்டவர்களுக்கு 8 வரை விடலாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே சொல்கிறது. அம்மாவுக்கு எது சரியான எண் என்று டாக்டரிடமே கேள்.

"உப்பு குறைஞ்சிடுச்சு"

ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். அது இறங்கினால் சோர்வு, வாந்தி, தள்ளாட்டம், உளறல், கடைசியில் வலிப்பு. வார்டில் இதைத்தான் "உப்பு குறைஞ்சிடுச்சு" என்போம். கோடை வந்தால் முதியவர்கள் இப்படித்தான் வந்து சேருவார்கள். வீட்டில் எல்லோரும் "பிரஷருக்கு உப்பே போடல, அதான்" என்பார்கள். பல பேருக்கு உண்மையான காரணம் பிரஷர் மாத்திரைக்குள் இருக்கும். டெல்மிசார்டன் மாதிரியான மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தால், பெரும்பாலும் உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற, உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். குளோர்தாலிடோன் சேர்ந்தது இன்னொரு வகை. இவையும், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிடாலோபிராம், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின் ஆகியவையும் சோடியத்தை இறக்கும். இவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். புதிதாக ஆரம்பித்தால் ஓரிரு வாரத்தில் ஒரு சோடியம் பரிசோதனை எடுக்கலாமா என்று கேள். ஆள் குழம்பிய நிலையில் வீட்டிலேயே உப்புக் கரைசல் கொடுத்துச் சரி செய்யப் பார்க்காதே. எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது என்பதில்கூட ஆபத்து இருக்கிறது. அது ஆஸ்பத்திரி வேலை.

பொட்டாசியத்துக்கு நிலைமை தலைகீழ். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலேக்டோன் சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் ஏறும். சிறுநீரகமும் பலவீனம் என்றால், தினமும் இளநீர் குடிப்பதும் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்கிச் சமைப்பதும் இருதயத் துடிப்பையே குலைக்கும். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம்தான்.

வலி மாத்திரையில் ஏமாறாதே

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் போய் "ரெண்டு வேளைக்குக் கொடுப்பா" என்றால், கத்தரித்த மாத்திரைகளைப் பேப்பர் கவரில் போட்டுத் தருவார்கள். பெயர் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். உள்ளே டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் இருக்கும். சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடும் இருதய நோயாளி இதையும் போட்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். மலம் கன்னங்கரேலென்று பிசுபிசுப்பாகப் போனால் அது உள் ரத்தம். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுப்பாகப் போகும், ஆனால் அந்தக் கணக்கை டாக்டர் போடட்டும், நீ உடனே அழைத்துப் போ.

டெல்மிசார்டன் மாதிரி ஒரு பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாளிலேயே நின்றுவிடக்கூடும். மூட்டுவலிக்கு முதலில் பாராசிட்டமால், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். சளி மாத்திரையிலும் காய்ச்சல் மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதை மறக்காதே.

நாட்டு மருந்து என்று பெயரில்லாத பொடியைச் சாப்பிட்ட மறுநாளே பத்து வருஷ வலி பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் சந்தேகப்படு. ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பல மாதம் சாப்பிட்டிருந்தால் அதைத் திடீரென்றும் நிறுத்தக் கூடாது, உடம்பு அப்படியே சரிந்துவிடும். பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ.

இரண்டு மாத்திரைகளைத் தனியாக வை

வால்வு மாற்றியவர்களும் இருதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களும் அசினோகூமரால் அல்லது வார்ஃபரின் சாப்பிடுவார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை விடவே கூடாது. வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டால்கூட ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துவிடும். கீரை சாப்பிடலாம், ஆனால் வாரம் முழுக்க ஒரே அளவில். இவர்கள் தலையில் அடிபட்டு விழுந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி.

இன்னொன்று மெதோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தெரியாமல் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, உயிரே போகும். அந்த அட்டையில் மார்க்கரால் "புதன் மட்டும்" என்று, உங்கள் கிழமை எதுவோ அதை, பெரிதாக எழுது. தினசரி டப்பாவில் அதைப் போடவே போடாதே.

மாத்திரைக்கு ஒரு மாத்திரை

இதை நான் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். பிரஷருக்கு அம்லோடிபின் கொடுக்கிறார்கள். அதனால் கால் வீங்குகிறது. வேறொரு டாக்டரிடம் காட்டினால் கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. அதனால் ராத்திரி மூன்று முறை எழுந்து போகிறார், உப்பு குறைகிறது, தூக்கம் கெடுகிறது. தூக்கத்துக்கு அல்பிரசோலாம். அதனால் தள்ளாட்டம், பாத்ரூம் வாசலில் இடுப்பெலும்பு முறிவு. கால் வீங்கிய அன்று முதல் மாத்திரையை மாற்றியிருந்தால் இந்த வரிசையே இல்லை. சில நேரம் வீக்கத்துக்கு இருதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கும். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் "இது ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையால் வந்ததா?" என்ற கேள்வியைக் கேட்க வேண்டியவள் நீ. புதிய தொந்தரவு எது வந்தாலும் கேள். சளி மாத்திரை போட்ட அப்பாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதும், பிராஸ்டேட் மாத்திரை போட்டவருக்கு எழுந்ததும் கண் இருட்டுவதும் இந்த வகைதான். பிரஷரை உட்கார வைத்தும் எழுந்து நிற்க வைத்தும் பார்க்கச் சொல். நிற்கும்போது மேல் எண் 20 இறங்கினால் மாத்திரையைத் திருத்த வேண்டும்.

வாந்தி, பேதி வந்த நாள் வேறு மாதிரி. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது நீர் மாத்திரை, டெல்மிசார்டன் வகை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றைப் பழையபடி தொடர்ந்தால் ஆபத்து. "இந்த மாதிரி நாளில் எதை நிறுத்தணும், எப்போ மறுபடி ஆரம்பிக்கணும்?" என்று நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி வை. நீயாக நிறுத்தவே கூடாதவையும் உண்டு: ஸ்டென்ட் வைத்தவரின் ரத்த மாத்திரை, மெட்டோபிரலால், வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, இன்சுலின்.

டிஸ்சார்ஜ் ஆன வாரம்

வீட்டுக்கு வந்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும் வாரம்தான் அதிகக் கவனம் தேவைப்படும் வாரம். புதுச் சீட்டும் இருக்கும், பழைய டப்பாவும் இருக்கும். கிளம்பும் முன் நர்ஸிடம் உட்கார்ந்து கேள்: எது புதிது, எதன் அளவு மாறியது, எதை நிறுத்தினார்கள்? நிறுத்தியதை அன்றைக்கே டப்பாவிலிருந்து எடுத்துவிடு. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று அம்மா எடுத்து வைப்பார், அதையும் வாங்கிவிடு.

வேளைக்கு ஓர் அறை உள்ள ஏழு நாள் டப்பா வாங்கி, ஞாயிற்றுக்கிழமை நீயே நிரப்பு. போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அறையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியும் தெரியவில்லையென்றால் சர்க்கரை, பிரஷர், ரத்த மாத்திரைகளை இரண்டாம் முறை போடச் சொல்லாதே. விழுங்கக் கஷ்டம் என்று எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று எழுதிய மாத்திரையை உரலில் இடித்துக் கொடுக்காதே. நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். வெளியூரில் இருந்தால் வாரம் ஒருமுறை வீடியோ காலில் டப்பாவைக் காட்டச் சொல்.

மருந்தால் பாதிப்பு என்று தோன்றினால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீயே தெரிவிக்கலாம். நான்கைந்து டாக்டர்களிடம் அலைகிற பெற்றோர் என்றால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க முதியோர் மருத்துவரிடம் ஒருமுறை காட்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே டாக்டர் வ.செ. நடராஜன் இதற்குத் தனிப் பிரிவு தொடங்கிவிட்டார். கிண்டியில் 2024-ல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்தாயிற்று.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பையை மேஜையில் வைத்து, "டாக்டர், இதுல எதைக் குறைக்கலாம், எதை நிறுத்தலாம்?" என்று கேள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் திரும்பி வராதே.